ஈர மண்ணில் வேலிக்கால் நடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழியின் அடியில் தண்ணீர் நிற்கிறது, பக்கச் சுவர் பளபளவென்று இருக்கிறது. இந்த ஈரத்தில் கான்கிரீட் பிடிக்குமா, மண் காய்ந்த பிறகு போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் அது கல்லாகிறது. அதனால்தான் ஆற்றுக்குள்ளும் கடலுக்குள்ளும் பாலத்துக்குத் தூண் எழுப்ப முடிகிறது. சுற்றிலும் மண் ஈரமாக இருப்பது, போட்ட கான்கிரீட்டுக்கு நல்லதே. நாம் தனியாகத் தண்ணீர் விட்டு நனைக்கிற வேலை மிச்சம். கெடுதல் வேறு வழியில் வருகிறது. குழித்தண்ணீர் கலவைக்குள் புகுந்து சிமெண்டை அலசிக்கொண்டு போகும். அதைவிடப் பெரிய கெடுதல், மண் குழைந்து பிடிப்பை இழப்பது. வேலிக்காலைக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும், சரி. அந்தக் கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியது மண்தானே? இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உனக்கே புரியும்.

குழி ஓரத்தில் நின்று அழுத்தி மிதித்துப் பார். கால் புதைந்து, எடுத்த இடத்தில் தண்ணீர் ஊறினால் கொஞ்ச நாள் பொறு. மழை விட்டு, மேல்மண் இறுகட்டும். அவசரமில்லாத வேலைக்கு அதுதான் சரி. பொறுக்க முடியாது என்றால் ஆழத்தைக் கூட்டு. காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 6 அடி வேலி என்றால் 9 அடிக் கால், அதில் 3 அடி மண்ணுக்குள்; அடியில் போடும் அரை அடி ஜல்லியையும் சேர்த்துக் குழி மூன்றரை அடி. காய்ந்த கெட்டி மண்ணில் சிலர் இரண்டு அடியோடு நிறுத்துவார்கள். உன் மண்ணில் அது போதாது. மேலே சேறாக இருந்தாலும் கீழே போகப் போகக் கடப்பாரை 'நங்'கென்று நிற்கிற அடுக்கு வரலாம், அதுவரை போ. குளிரில் மண் உறைகிற இடமாக இருந்தால், உறையும் ஆழத்துக்கும் கீழே குழியின் அடி இருக்க வேண்டும். அகலம் காலைப் போல மூன்று மடங்கு: 4 அங்குலக் காலுக்கு 12 அங்குலம். குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் போய்விடாமல் பார்த்துக்கொள். அடி சற்று விரிந்தே இருக்கட்டும். மறுபடி தோண்டும் முன் அந்தப் பக்கமாக மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள், கண்ணு.

அந்தப் பளபளப்பு என்ன தெரியுமா? ஈரக் களிமண்ணை மண்வெட்டி வழித்துவிட்ட மெழுக்கு. அப்படியே விட்டால் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வழுக்கல் தோல் மாதிரி நின்றுவிடும். கடப்பாரை நுனியால் சுவரெல்லாம் கீறிவிடு. அடியில் நிற்கும் தண்ணீரை மொண்டு எடு. அதோடு விடாதே, தண்ணீருக்குக் கீழே கூழாகக் கிடக்கிற சேற்றையும் வழித்தெடுத்துக் கெட்டி மண்ணைத் தொடு. சேற்றின் மேல் எதை வைத்தாலும் இறங்கும். அப்புறம் அரை அடி உயரத்துக்கு ஜல்லி கொட்டி, கட்டையால் நன்றாக இடி.

உன் கால் மரம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரத்தின் அடி ஜல்லியின் மேல் நிற்கட்டும், கான்கிரீட் சுற்றிலும் மட்டும் வரட்டும். அடியையும் கான்கிரீட்டால் மூடினால், மரம் சுருங்கி விழும் இடுக்கு வழியாக இறங்குகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பது போல் நின்றுவிடும்.

இனி கலவை. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகாதே. அந்தக் கணக்கில் மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் சேர்த்தி. மழையில் கிடந்த மணல் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும், அதனால் கையில் உள்ள தண்ணீரைக் கடைசிவரை சிறுகச் சிறுக விடு. கையுறையோடு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார். விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் பால் போல ஒழுகக் கூடாது. கலக்கச் சுலபமாக இருக்கிறதே என்று இளக்கிவிட்டால், அந்த மிச்சத் தண்ணீர் பின்னால் கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும், வலிமை குறையும்.

சிலர் கலவையைத் தூளாகவே குழியில் கொட்டி, மண்ணின் ஈரம் அதை இறுக்கிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அடியில் தண்ணீர் அதிகமாகிக் கூழாகும், நடுவில் தூள் தூளாகவே நிற்கும். நீ கலந்தே போடு.

குழியைத் தோண்டிய அன்றே கான்கிரீட் போட்டுவிடு. ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால் சுவர் சரிந்துவிடும். மொண்ட பிறகு தண்ணீர் மெதுவாக ஊறினால் கவலையில்லை, உடனே போடலாம். அரை அடிக்கு ஒரு முறை கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்று. மொள்ள மொள்ள நிரம்புகிறது என்றால், அந்தத் தண்ணீருக்குள் மேலிருந்து கலவையைக் கொட்டக் கூடவே கூடாது. விழுகிற வழியிலேயே சிமெண்ட் கரைந்து பிரிந்து, அடியில் வெறும் மணலும் ஜல்லியும்தான் போய்ச் சேரும். அகலமான ஒரு குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியாகக் கொஞ்சம் இளக்கமான கலவையை விடு. இந்த ஓர் இடத்தில் மட்டும் இளக்கம் வேண்டும், ஆனால் அதைத் தண்ணீரை மட்டும் கூட்டிப் பெறாமல், கூடவே சிமெண்டையும் கூட்டிப் பெறு. குழாயின் வாய் எப்போதும் போட்ட கலவைக்குள் புதைந்தே இருக்கட்டும். கலவை கீழிருந்து ஏற ஏறத் தண்ணீர் மேலே தள்ளப்பட்டு வழிந்து போகும். கடைசியில் மேலே மிதக்கிற வெளுத்த கூழை வழித்து எறிந்துவிடு.

காலை நேராக்குவதில் ஒன்றைக் கவனி. ரசமட்டத்தை அடுத்தடுத்த இரண்டு பக்கத்திலும் வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசையில் முட்டுக் கொடு. ஈர மண்ணில் முட்டுக்கு அடிக்கிற முளையும் மெல்ல இளகும். அதனால் அரை மணி கழித்து மறுபடி மட்டம் பார். அந்த நேரத்தில் கொஞ்சம் சாய்ந்திருந்தால் தள்ளி நிறுத்தலாம். மறுநாள் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது.

கான்கிரீட்டின் தலை மண் மட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே வந்து, காலிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். மரம் முதலில் உளுப்பது ஆழத்தில் இல்லை. ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற மண் மட்டத்தில்தான். பெரிய மழை வரும்போல் இருந்தால் பாலித்தீன் விரிப்பைக் காலோடு சுற்றி மூடு. இறுகாத தலையிலிருந்து மழை சிமெண்டை அடித்துக்கொண்டு போய்விடும்.

எல்லாக் காலுக்கும் கான்கிரீட் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இடைக்கால்களுக்கு உடைத்த ஜல்லியை அரை அடி அரை அடியாகக் கொட்டி இறுக இடித்தாலே உன் மண்ணில் நன்றாக நிற்கும், தண்ணீரும் வடியும். மூலைக்காலும் கேட்டு தொங்குகிற காலும் வேறு, இழுப்பெல்லாம் அங்கேதான். அவற்றுக்குக் கான்கிரீட்டே போடு. வேலிச் சட்டம் அடிக்க இரண்டு நாள் விடு. கேட்டு மாட்ட ஒரு வாரமாவது ஆகட்டும். ஏழு நாளில் கான்கிரீட் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமைக்கு வந்திருக்கும். முழுக் கணக்கு 28 நாள். குளிராக இருந்தால் இன்னும் தாமதமாகும்.

கோடை வந்ததும் ஒரு முறை வேலியோரம் நடந்து பார். ஈரத்தில் உப்பியிருந்த களிமண் காயும்போது சுருங்கும், கான்கிரீட்டைச் சுற்றி விரல் நுழைகிற இடுக்கு விழும். அதில் மண்ணும் பொடி ஜல்லியும் போட்டு இடித்துவிடு. விட்டுவிட்டால் அடுத்த மழை அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

ஈர சிமெண்ட் தோலை அரிக்கும், அம்மாடி. எரிச்சல் தெரிவதற்குள் புண்ணாகியிருக்கும். சேற்றில் முட்டி போட்டு வேலை செய்யும்போது கால்சட்டை வழியாக ஊறுவது தெரியவே தெரியாது. பூட்ஸுக்குள் கலவை புகுந்தால் அந்த நிமிடமே கழற்றிக் கழுவு. மாப்பிள்ளைக்கும் கையுறை வேண்டும். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பார், கேட்காதே.

கெட்டி மண் எத்தனை அடியில் வருகிறது, எத்தனை மூலைக்கால் என்று பார்த்து எழுது. சிமெண்ட் எவ்வளவு வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா