தலைப்பிரசவமும் குழந்தையின் குடியேற்ற உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனுக்கு வேலைக்குச் சென்று, அங்கேயே நிரந்தர வசிப்புரிமையும் பெற்றுவிட்ட இளம் தம்பதியர் இன்று கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் சிற்றூர்களில்கூட இருக்கிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்ற வழக்கப்படி, விமானத்தில் ஏற்ற மறுக்கும் மாதம் வருவதற்குள் மகளை வரவழைத்துக் கட்டுச்சோறு விருந்தும் வைத்துவிடுகிற பெற்றோர், பிறக்கப்போகும் குழந்தை எந்த உரிமையில் அந்த நாட்டுக்குள் நுழையும் என்பதைப் பெரும்பாலும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. தாய் தந்தையருக்கு உள்ள உரிமை பிள்ளைக்குத் தானாக வந்துவிடும் என்றே நம்புகிறார்கள். அப்படி வருவதில்லை.

1983 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி, தாய் அல்லது தந்தை அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவராக இருந்தால், அந்நாட்டில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடிமகனாகிறது. அதே குழந்தை ஈரோட்டு மருத்துவமனையில் பிறந்தால், பெற்றோர் இந்தியக் குடிமக்களாகவே நீடிக்கும் வரை அதுவும் இந்தியக் குடிமகன்தான்; அங்கு சென்று பெற்றோருடன் வாழ, குடியேற்ற அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஏற்கெனவே பிரிட்டிஷ் குடியுரிமையை அங்கேயே பெற்றிருந்தால் நிலைமை வேறு. குழந்தைக்கு நேரடியாக அந்நாட்டுப் பாஸ்போர்ட்டே கேட்கலாம். இருவருமே நிரந்தர வசிப்புரிமையுடன் இருப்பதும், ஒருவர் மட்டும் அப்படி இருந்து மற்றவர் வேலை விசாவில் இருப்பதும்கூட ஒன்றல்ல. இந்த வேறுபாடுகளைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பக் கட்டணம் நம் பணத்தில் லட்சங்களைத் தொடுகிறது. மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைப்பதில்லை. அரசின் உதவித்தொகையை நாடாமல் குழந்தையை வளர்க்கப் போதிய வருமானமும் வீடும் இருப்பதைப் பெற்றோர் காட்ட வேண்டும். அவை அவர்கள் கையில் உள்ள விஷயங்கள். இங்கே காலத்தை விழுங்குவது பிறப்புச் சான்றிதழ்தான். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பதால் மருத்துவமனையே பதிந்துவிடுகிறது. ஆனால் குலதெய்வக் கோயிலுக்குப் போய்த்தான் பெயர் வைப்பது என்று குடும்பம் காத்திருப்பதால், சான்றிதழில் குழந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம் என்ற சலுகையே பலரை அசட்டையாக இருக்கச் செய்கிறது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் பெற, பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படுகிறது. அதில் பெயர் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை. போதாததற்கு, சான்றிதழில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்துடனும் அவருடைய பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து முழுப்பெயராக விரிந்தும் இருக்கும். மருத்துவமனைப் படிவத்தை அவசரத்தில் நிரப்பும் தாத்தாவோ மாமாவோ மருமகனின் பாஸ்போர்ட்டையா பார்த்து எழுதுகிறார்கள்? தந்தை வெளிநாட்டில் இருந்தால், குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கான அவருடைய ஒப்புதலை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பவும் நாட்கள் ஆகும்.

என் மகள் குடும்பத்துக்கு இந்த நிலை வந்தபோது, கோவையில் ஒரு முகவர், "சுற்றுலா விசாவில் கூட்டிப் போய்விடுங்கள், பிறகு அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். பார்வையாளர் விசா, திரும்பி வருபவர்களுக்கானது. குடியேறப் போகும் குழந்தைக்காகத் திரும்பி வருவதாக எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். பின்னாளில் அந்தக் குழந்தையின் விண்ணப்பங்களையே அது பாதிக்கக்கூடும். நாங்கள் முறைப்படி விண்ணப்பித்தோம். பேறுகால விடுப்பு முடிந்து மகள் வேலைக்குத் திரும்ப, பால்குடி மறக்காத பேரன் எங்களோடு தங்கினான். பாட்டி மடியில் வளர்வது நல்லதுதானே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கைப்பேசித் திரையில் பிள்ளையைப் பார்த்துவிட்டு அழும் தாயிடம் அதைச் சொல்ல முடியுமா?

எல்லா நாடுகளிலும் ஒரே விதி இல்லை. அமெரிக்க நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக வெளிநாடு சென்றிருக்கும்போது பிறக்கும் குழந்தையை, இரண்டு வயதுக்குள், அழைத்துவரும் பெற்றோர் பிரசவத்துக்குப் பின் முதன்முறை திரும்பும்போதே உடன் கொண்டுவந்தால், குடியேற்ற விசா இல்லாமலே அமெரிக்கா அனுமதிக்கிறது. கனடாவில் அந்த வசதி இல்லை. பெற்றோர் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்லும் அனுபவத்தை லண்டனுக்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையே வைத்திருக்கும் தமிழக அரசு, எந்த நாட்டில் எந்த உரிமையுடன் இருக்கும் பெற்றோருக்கு என்ன விதி என்பதைத் தமிழில் ஒரு சிறு கையேடாக வெளியிட வேண்டும். பிறப்புப் பதிவுப் படிவம் நிரப்பப்படும் இடத்தில், பெற்றோர் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுமாறும், வெளிநாடு செல்லவிருக்கும் குழந்தையாக இருந்தால் பெயரையும் அப்போதே சேர்த்துவிடுமாறும் ஓர் அறிவிப்பை ஒட்டி வைக்க மருத்துவமனைகளுக்கும் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி அலுவலர்,
கோபிசெட்டிபாளையம்.