டென்னசி பயணம்: முதலில் மலை, பிறகு மேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை நெருங்கும்போது தங்கள் நாளிதழின் பயணப் பக்கங்களில், அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்களுக்கான குறிப்புகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நியூயார்க், நயாகரா, வாஷிங்டன், லாஸ் வேகாஸ் என்ற அதே வட்டத்துக்குள் அவை சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கும்போது, அட்லாண்டாவில் குடியிருக்கும் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு பெரும் மலைத்தொடரும், இன்று கன்ட்ரி இசை எனப்படும் அதன் மலைப்பாட்டு இறங்கி வந்து குடியேறிய நாஷ்வில் நகரமும், அதற்கு அப்பால் வேறொரு இசை ஓங்கிய மெம்பிஸ் என்ற ஆற்றங்கரை நகரமும் ஒரே மாநிலத்தில் அமைந்திருக்கின்றன. டென்னசி மாநிலத்தைத்தான் சொல்கிறேன். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சென்றுவர இதைவிடப் பொருத்தமான பயணம் இந்நாட்டின் தென்கிழக்கில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் டென்னசிக்குப் போகாமல் இல்லை. ஒரு வார இறுதியில் மலைக்கு, இன்னொரு நீண்ட வார இறுதியில் நாஷ்வில்லுக்கு என்று பிரித்துப் போகிறார்கள். அப்படிப் போகும்போது மலை வெறும் நிழற்படப் பின்னணியாகவும், நாஷ்வில் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்காத இரைச்சல் மிகுந்த மதுக்கடைத் தெருவாகவும் முடிந்துபோகின்றன. மலையையும் நகரத்தையும் ஒரே பயணத்தில், மலையில் தொடங்கி நகரத்துக்கு இறங்கும் வரிசையில் பார்த்தால் இரண்டுமே விளங்கும். திணைக்கொரு பறை, திணைக்கொரு யாழ் என்று நிலத்தையும் இசையையும் சேர்த்தே வகுத்த மரபில் வந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் வந்து அப்பலாச்சிய மலைகளில் குடியேறியவர்கள் தங்கள் கதைப்பாடல்களையும் பிடில் இசையையும் உடன் கொண்டுவந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தங்கள் நாட்டு நரம்புக் கருவிகளின் நினைவில் செய்துகொண்டதே பேஞ்சோ. இவ்விரண்டும் கலந்து, வீட்டுத் திண்ணைகளிலும் சிறு தேவாலயங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பாட்டு, 1927-இல் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற சிற்றூரில் ரால்ஃப் பியர் என்பவர் நடத்திய ஒலிப்பதிவுகள் வழியே நாடெங்கும் பரவியது. மலையிலிருந்து வந்த கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவின் குரல் முதன்முதலில் பதிவானது அங்கேதான். அவ்வூரில் இன்று இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மலையிலிருந்து வடகிழக்கே இரண்டு மணி நேரம் விலகிச் செல்ல வேண்டியிருப்பதால், சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

மலையைப் பொறுத்தவரை, மூன்று இரவுகளுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்பேன். டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே பரந்து கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா 1934-இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலேயே மிக அதிகமான மக்கள் வந்துபோவது இங்கேதான். ஆண்டுக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. மலையைக் கடக்கும் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, அதில் சுங்கம் எதுவும் வசூலிக்கக் கூடாது என்று டென்னசி மாநிலம் விதித்த நிபந்தனை அதற்கு ஒரு காரணம். ஆனால் 2023 மார்ச் முதல், எங்கேனும் 15 நிமிடங்களுக்கு மேல் வண்டியை நிறுத்துவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நாளொன்றுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15 டாலர் என்று அறிமுகம் செய்தார்கள்.

அட்லாண்டாவிலிருந்து செல்வோர் வட கரோலினா பக்கமுள்ள செரோக்கி என்ற ஊரின் வழியாக மலையேறுவதே முறை என்று நினைக்கிறேன். இம்மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களில் பெரும்பாலோர் 1838-இல் ராணுவத்தால் மேற்கே விரட்டப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தப்பி மலையிலேயே தங்கியவர்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்று அவ்வூரில் வாழ்கிறார்கள். அவர்களுடைய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், மலையின் மிக உயர்ந்த சிகரம் ஒரு படைத்தளபதியின் பெயரைத் துறந்து, 2024 செப்டம்பரில் குவோஹி என்ற தன் பழைய செரோக்கிப் பெயரைத் திரும்பப் பெற்றதன் நியாயம் பிள்ளைகளுக்கே புரியும்.

குவோஹியின் உயரம் 6,643 அடி. உச்சிக்கு அருகிலேயே வண்டி நிறுத்துமிடம் இருப்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கிருந்து பார்வைக் கோபுரம் வரையிலான அரை மைல் தார்ப்பாதை மிகவும் செங்குத்தானது. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வழியிலுள்ள இருக்கைகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடியும், சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்வது பாதுகாப்பானதன்று. கீழே வியர்க்கும் வெயிலாக இருந்தாலும் மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். பாதையின் இருமருங்கிலும் பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில், இலையற்று நிற்கும் நெடுமரங்களைக் காணலாம். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு பூச்சி அந்த ஃபிர் மரங்களைக் கொன்றுவிட்டது. அவற்றின் காலடியில் இளங்கன்றுகள் இப்போது அடர்ந்து வளர்ந்து வருகின்றன. டிசம்பர் முதல் மார்ச் இறுதி வரை இச்சிகரத்துக்குச் செல்லும் சாலையை மூடிவிடுவார்கள். ஏற முடியாத பெரியவர்கள் வருந்த வேண்டியதில்லை: நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயில், 5,046 அடி உயரத்தில், காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்தாலே அடுக்கடுக்காக நீலம் படர்ந்த மலைகளைக் கண்ணாரக் காணலாம். அந்த நீலப் புகை, காட்டு மரங்கள் வெளியிடும் ஆவியால் உண்டாவது.

கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கில் பழைய குடியேறிகளின் மரவீடுகளும், நீரால் சுழலும் மாவு ஆலையும், அலங்காரம் எதுவுமில்லாத மரப்பலகைத் தேவாலயங்களும் அப்படியே பாதுகாக்கப்பட்டுள்ளன. அத்தேவாலயங்களின் பலகை இருக்கைகளில் சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்வேன். இசைக்கருவியின்றிக் குரலை மட்டுமே நம்பிப் பாடிய மக்களின் பாட்டு எப்படி அவ்வளவு உரத்தும் நேராகவும் அமைந்தது என்பதை அந்தச் சிறிய அறையே உணர்த்திவிடுகிறது. இப்பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் 11 மைல் ஒருவழிப் பாதை, மே தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை புதன்கிழமைகளில் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் மட்டுமே உரியது. இதை அறியாமல் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்து திரும்பிப்போகும் குடும்பங்கள் உண்டு. கரடிகள் கண்ணில் படும் இடமும் இதுதான். 150 அடிக்குள் அவற்றை நெருங்குவது சட்டப்படி குற்றம் என்பதைக் கைபேசியும் கையுமாக ஓடும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசிச் சமிக்ஞையும் இல்லை, உணவகமும் இல்லை. ஆகவே டவுன்சென்ட் போன்ற அமைதியான ஊரில் சமையலறையோடு கூடிய மரவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலையில் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொண்டு கிளம்புவதே சிறந்தது. சைவ உணவினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தென் மாநிலங்களில் பீன்ஸ், கீரை வகைகளைக்கூடப் பன்றி இறைச்சித் துண்டு சேர்த்து வேகவைப்பது நெடுநாளைய வழக்கமாதலால், கேட்டுவிட்டு வாங்குவது நலம்.

பிஜன் ஃபோர்ஜ் என்ற ஊரின் நெடுஞ்சாலை முழுவதும் வேடிக்கைக் கூடங்கள் நிறைந்திருக்கின்றன. பிள்ளைகள் கேட்டால் ஒரு நாளை அங்குள்ள டாலிவுட் பூங்காவுக்குக் கொடுக்கலாம்; அம்மலையடிவாரத்தில் வறிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பாடகி டாலி பார்ட்டன் தம் மண்ணுக்குத் திரும்பி வந்து வளர்த்தது அது. 1995-இல் அதே மாவட்டத்தில் அவர் தொடங்கிய திட்டத்தின் வழியே பல நாட்டுக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் புத்தகங்கள் இலவசமாக அனுப்பப்படுகின்றன. ஆனால் மலைக்கென ஒதுக்கிய நாட்களை அக்கூடங்கள் விழுங்க விடக் கூடாது.

மலையிலிருந்து நாஷ்வில் சுமார் நான்கு மணி நேரப் பயணம். இடையில் நாக்ஸ்வில்லில் நண்பகலில் ஒரு வானொலி நிலையம் நேரடி இசை நிகழ்ச்சியை மக்கள் முன்னிலையில் கட்டணமின்றி நடத்துகிறது. மதிய உணவு நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மாநிலத்துக்குள்ளேயே நேர மண்டலம் மாறி, நாஷ்வில்லில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால், போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

நாஷ்வில்லில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால், அதைக் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சிக்கே கொடுக்க வேண்டும். 1925 நவம்பர் 28 அன்று, ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான வானொலி நிலையத்தில், 77 வயதான ஒரு பிடில் கலைஞர் வாசித்ததில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி நூறாண்டைக் கடந்து இன்றும் ஒலிபரப்பாகிறது. ஒரே மாலையில் பலர் வந்து ஆளுக்குச் சில பாடல்களே பாடுவதால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சலிப்புத் தட்டுவதில்லை. பாடல்களுக்கு நடுவே மேடை ஓரத்தில் நிற்கும் அறிவிப்பாளர் விளம்பரங்களை வாசிப்பார்; வானொலியோடு வளர்ந்த நம் பெற்றோர் தலைமுறைக்கு அது உடனே ஒட்டிவிடும். தொடக்க ஆண்டுகளில் அதன் பெரும் நட்சத்திரங்களுள் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். 1941-இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்ட அவருக்கு, கன்ட்ரி இசைப் புகழ்க் கூடத்தில் இடம் கிடைத்தது 2005-இல்தான்; அப்போது அவர் உயிரோடு இல்லை.

மறுநாள் பகலில், 1943 முதல் 1974 வரை அந்நிகழ்ச்சி நடந்த ரைமன் அரங்கைப் பார்க்க வேண்டும். 1892-இல் வழிபாட்டுக் கூடமாகக் கட்டப்பட்ட அங்கே இன்றும் பார்வையாளர்கள் உட்காருவது தேவாலயத்து நீள் பலகைகளில்தான். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெளிச்சம் விழுகிறது. கேட்ஸ் கோவின் பலகைகளில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் இங்கே வந்து உட்காரும்போது, மலைக்கும் மேடைக்கும் உள்ள உறவை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது. புதிய அரங்குக்கு இடம்பெயர்ந்தபோது ரைமன் மேடையிலிருந்து ஆறடி வட்டமாக வெட்டி எடுத்த மரப்பலகையைப் புதிய மேடையின் நடுவில் பதித்திருக்கிறார்கள். பாடுவோர் அதன் மேல் நின்றே பாடுகின்றனர்.

பிராட்வே தெருவின் மதுக்கூடங்களில் காலை முதலே நேரடி இசை நடக்கிறது. குடும்பத்தோடு செல்வோர் பகலிலேயே போய்விட வேண்டும். மாலைக்குப் பிறகு 21 வயது நிறையாதவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கேட்க மாட்டார்கள், ஆனால் மேடை முன்னால் இருக்கும் வாளியில் விழும் பணத்தையே அந்தக் கலைஞர்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள் என்பதால், கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து வருவது முறையாகாது. 1871-இல் கடனில் தத்தளித்த தங்கள் கல்லூரியைக் காக்க ஊர் ஊராகச் சென்று பாடிய ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களின் வரலாற்றை, 2021-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க இசை அருங்காட்சியகத்தில் அறியலாம். அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட இளைஞர்கள். நாஷ்வில்லில் நம் பெரியவர்கள் மனம் நிறையத் தொழுதுவர ஒரு விநாயகர் கோயிலும் உண்டு.

மேலும் மூன்று மணி நேரம் மேற்கே சென்றால் மெம்பிஸ். இங்கு மலைப்பாட்டின் சாயல் குறைந்து, மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியின் பருத்தி வயல்களில் பிறந்த ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை ஓங்குகிறது. எல்விஸ் பிரெஸ்லி 1954-இல் பாடிப் பதிவுசெய்த சன் ஸ்டுடியோ மிகச் சிறிய அறைதான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அங்கே விடுவதில்லை. நேரம் குறைவானால், எல்விஸின் மாளிகையை விட ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நிறத்தால் பிளவுபட்டிருந்த நகரத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் அமர்ந்து பாடல் உருவாக்கிய பழைய திரையரங்கு நின்ற இடம் அது. அங்கிருந்து தொலைவில்லாத லொரேன் விடுதியில், துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடுதியே இன்று குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகமாக உள்ளது. 1959-இல் இந்தியா வந்து கன்னியாகுமரி வரை சென்றவர் அவர் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்ல, நம் வீட்டுப் பெரியவர்களை விட ஏற்றவர் யார்? செவ்வாய்க்கிழமைகளில் அதற்கு விடுமுறை என்பதால் நாளைப் பார்த்துச் செல்ல வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுவே. பயணப் பக்கங்களில் ஊர்களை வரிசையாக அடுக்குவதோடு நில்லாமல், இதுபோன்ற வழித்தடங்களை அவற்றின் வரலாற்றோடு சேர்த்து வெளியிட வேண்டும். மூடும் நாட்கள், வயது வரம்பு, ஏற்றத்தின் கடுமை, சைவ உணவு ஆகிய செய்திகளையும் உடன் தர வேண்டும். அவற்றை மே மாதத்துக்குக் காத்திராமல் ஏப்ரல் தொடக்கத்திலேயே வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். ஸ்மோக்கி மலையின் எல்க்மாண்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணையும் காட்சியைக் காணக் குலுக்கல் முறையில்தான் வாகன அனுமதி கிடைக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை வழக்கமாக ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு சில நாட்கள் மட்டுமே ஏற்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
அட்லாண்டா.