புத்தகம் பேசினால் இரைச்சலா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பொது நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சி சபையினருக்கும் நூலகர்களுக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை, தரம் ஏழில் படிக்கும் என் மகனை எங்கள் பகுதி நூலகத்திலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். குற்றம்: வாய்விட்டு வாசித்தது. கத்தவில்லை. வரியின் கீழே விரலை வைத்து, தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான். அவனுக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் இருக்கிறது. ‘கொ’ என்று எழுதியிருந்தால் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு; வாயோ ககரத்தில் தொடங்க வேண்டும். லகர, ளகர, ழகரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. தன் குரல் காதில் விழுந்தால்தான் சொல் பிடிபடுகிறது.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள், அங்கிருந்தவர் தரம் ஒன்றுக்கான படப்புத்தகத்தை நீட்டி, “தம்பிக்கு இதுதான் சரி” என்றார். கடலாமைகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தவன் அவன். படியிறங்கும்போது, “அம்மா, இனி இங்கே வர வேண்டாம்” என்றான். அந்த ஊழியரை நான் நோகவில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு நூலகம் என்ன செய்யலாம் என்ற வழிகாட்டியை நூலகச் சங்கங்களின் சர்வதேச அமைப்பான இஃப்லா 2001இலேயே வெளியிட்டு, 2014இல் திருத்தியும்விட்டது. அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காக அதை ஒலிவடிவில் தர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கையும் 2016இல் சேர்ந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான்: இரவல் பகுதியில் ஒலிநூல்களுக்கு ஒரு தட்டு, ஒரு ஹெட்போன், வாய்விட்டு வாசிக்க ஒரு மூலை.

காசில்லை என்பீர்கள். ஒக்டோபர் பிறந்தால் வாசிப்பு மாதத்துக்குப் பதாகை அடிக்கவும் பொன்னாடை வாங்கவும் எங்கிருந்தோ வருகிறது. வாசிப்பின் மகிமை பற்றிப் பேச்சுப்போட்டியும் உண்டு. மேடையில் முழங்கலாம், மேசையில் முணுமுணுக்கக் கூடாது! கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது என்று ஊருக்கெல்லாம் பெருமை சொல்கிறோம். புத்தகம் பேசினால் மட்டும் நமக்கு இரைச்சல்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஒலிநூல்கள் வரத் தாமதமாகலாம். அதுவரை, பெரிய எழுத்தும் தாராளமான வரி இடைவெளியும் உள்ள புத்தகங்களைப் பிள்ளையின் வயதையும் பார்த்துத் தெரிவு செய்து வையுங்கள். மூலைக்குச் செலவே இல்லை: ஒரு மேசை, இரண்டு கதிரை, ‘இங்கே வாய்விட்டு வாசிக்கலாம்’ என்றொரு அட்டை. அடுத்த ஒக்டோபருக்கு முன் அந்த மூலையையாவது தயவுசெய்து ஒதுக்கித் தாருங்கள். ஆமைப் புத்தகத்தில் அவன் விட்டுவந்தது 23ஆம் பக்கம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு தாய்