கையால் கட்டிய விமானத்தைப் பற்றி அப்பாவுக்கு

பாமர், அலாஸ்கா
செப்டெம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததாகத் தம்பி சொன்னான். கூரைத் தகரத்தை இந்த மாதமே மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மஸ்கெலியாவில் வேலைக்கு ஆள் கிடைக்காது.

நானும் என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பரும் சேர்ந்து ஒரு பழைய விமானத்தை வாங்கப் பார்க்கிறோம் என்று போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். அது கம்பெனியில் செய்த விமானம்கூட இல்லை, ஒரு மனிதர் தன் வீட்டுக் கொட்டகையில் கட்டியது என்றதும் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஏழு கன்னியர் மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறவருக்கு விமானம் என்றால் 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவுதான் நினைவுக்கு வரும். ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்ட இந்தோனேசியர்களை ஏற்றி வந்த விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் மாண்டு போனார்களே, அந்தக் கதையைக் கேட்டுத்தானே நாங்களும் வளர்ந்தோம். தாங்கள் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துக் கீழே இறங்கியதால் வந்த வினை அது, இயந்திரக் கோளாறு அல்ல என்று சொன்னால் மட்டும் அம்மாவுக்கு ஆறுதல் வந்துவிடாது.

நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "வீட்டில் கட்டினதை எதை வைத்து நம்புவது?" தேயிலை ஸ்டோரில் அத்தனை வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர் கேட்கிற கேள்வி அது. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றி. ஆங்கரேஜ் நகருக்கு வடகிழக்கே, மட்டானுஸ்கா பள்ளத்தாக்கில் இருக்கிறது பாமர். சுற்றிலும் பனி மூடிய மலைகள். 1935இல் அமெரிக்க அரசாங்கம் தெற்கேயுள்ள மாநிலங்களிலிருந்து 203 ஏழைக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து, சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு 40 ஏக்கர் நிலத்தைக் கடனுக்குக் கொடுத்துக் குடியேற்றியது. அதை இங்கே ஒரு பலகையில் படித்தபோது இலங்கைத் தோட்டங்களில் வாழும் நம் ஆட்களை நினைத்தேன். காட்டை வெட்டி மலையெல்லாம் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஏக்கரில் இருபதில் ஒரு பங்குகூட வராத 7 பேர்ச் நிலத்துக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுத வேண்டும், இப்போது எழுதினால் விமானத்தை மறந்துவிடுவேன்.

இந்த மாநிலத்தில் பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. தலைநகரமான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை இல்லை. கப்பலில் போக வேண்டும், அல்லது பறந்து போக வேண்டும். அதனால் நம் ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைப் போன்ற சாதாரண மனிதர்கள் இங்கே சிறு விமானம் வைத்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவே உள்ள சரளைக்கல் திட்டிலும் புல்வெளியிலும் இறங்கக்கூடிய, பெரிய காற்றுச் சக்கரம் பூட்டிய, பின்புறம் சின்னச் சக்கரத்தில் உட்காருகிற விமானங்கள். 1949இல் பைப்பர் நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்ற இரண்டு இருக்கை விமானம்தான் இவற்றுக்கு முன்மாதிரி. அதன் சாயலில் குழாய், துணி, பாகங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

சட்டமும் அதற்கு இடம் தருகிறது. வேலையில் பாதிக்கு மேல் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும். அப்படிக் கட்டியதற்கு எக்ஸ்பெரிமென்டல், அதாவது சோதனைநிலை, என்ற வகையில் சான்றிதழ் கொடுப்பார்கள்; அந்தச் சொல்லை ஏறுகிறவர் கண்ணில் படும்படி எழுதியும் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் வழக்கமாக 40 மணி நேரம், ஏற்கெனவே சான்று பெற்ற என்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்து இருந்தால் 25 மணி நேரம், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு மேலே சோதனையாகப் பறந்து காட்ட வேண்டும். கூலிக்கு ஆளோ சாமானோ ஏற்றக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை. கட்டியவர் விண்ணப்பித்தால் அந்தச் சோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடும் உரிமை அவருக்குக் கிடைக்கும், ஆனால் விமானத்தை விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. நாங்கள் வாங்கினால் உரிமம் உள்ள மெக்கானிக் ஒருவரிடம் கையெழுத்து வாங்கலாம். நான் 30 மாத வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வில் தேறினால் அந்த மெக்கானிக் நானாகவே இருக்கலாம். இங்கே சம்பளம் குறைவு என்றாலும் நான் வேலை செய்யும் இந்த மெக்கானிக் கொட்டகையை விட்டுப் போகாததற்குக் காரணம் அதுதான்.

கம்பெனி விமானம் என்றால் ஒன்றைப் பார்த்தால் அதே வகையில் மற்றவையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வீட்டில் கட்டியது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எந்தக் கை வெல்டிங் வைத்தது, எந்தக் கண் அதைச் சரிபார்த்தது என்பதை அறியாமல் அந்த விமானத்தை அறிய முடியாது. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். எங்கள் முதலாளி, வயதான மெக்கானிக், அவரைப் பெரியவர் என்றே உங்களுக்கு எழுதுகிறேன், விற்பவரின் வீட்டுக்குப் போனதும் விமானத்தின் பக்கமே திரும்பவில்லை. மேசையில் உட்கார்ந்து கட்டும்போது எடுத்த படங்களைக் கேட்டார். நல்லவேளையாகத் தடித்த ஆல்பம் ஒன்று இருந்தது. துணி போர்த்துவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் கட்டியவர் படம் எடுத்து, திகதி போட்டு, எதை ஏன் மாற்றினார் என்று எழுதி வைத்திருக்கிறார். வெல்டிங் ஒரே சீராக, அவசரமில்லாமல் ஓடியிருந்தது. அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது. விமானத்தை அவர் 2008இல் முடித்திருக்கிறார்.

சிக்கல் அவருக்குப் பின் வந்த உரிமையாளரிடம்தான். மொத்தம் 310 மணி நேரம் பறந்திருக்கிறது. அதில் 240 மணி, கட்டியவர் முதல் நான்கு ஆண்டுகளில் பறந்தது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் வெறும் 70. நண்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "என்ஜின் புதுசு மாதிரி" என்றார். விற்பவரும் அதையே சொன்னார். லைக்கோமிங் கம்பெனியின் 160 குதிரை வலு என்ஜின் அது, 2,000 மணிக்குத்தான் முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், இன்னும் ஏறக்குறைய 1,700 மணி பாக்கி இருக்கிறது என்பது அவர் கணக்கு. ஆனால் அதே கம்பெனி 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது என்றுதான் சொல்கிறது. எண்ணெயையும் 50 மணிக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இந்த விமானத்தின் பதிவேட்டில் வருடச் சோதனையின்போது மட்டும்தான் எண்ணெய் மாற்றியிருக்கிறது.

அப்பா, இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. ஓடாமல் நிறுத்திவைத்தால் அதன்மேல் இருக்கும் எண்ணெய் மெல்ல வடிந்து கீழே போய்விடும். குளிரும் ஈரமும் மாறி மாறி வர, கேமின் முகத்தில் துரு புள்ளி வைக்கும். பிறகு ஓட்டும்போது அந்தப் புள்ளிகள் பெயர்ந்து எண்ணெயோடு சுற்றும். அதனால் வாரம் தவறாமல் ஓடிய 1,000 மணி என்ஜினை வாங்க நான் தயங்க மாட்டேன், இதை வாங்கத் தயங்குகிறேன்.

பெரியவர் எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, வெட்டித் திறந்து, உள்ளே மடிந்திருந்த தாளை விரித்துக் காட்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது மினுமினுத்தது. காந்தத்தை வைத்தோம். சில துகள்கள் ஒட்டின. அலுமினியம் என்றால் ஒட்டாது, இது இரும்பு. அடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் சதுர அங்குலத்துக்கு 80 ராத்தல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தோம். மூன்று சிலிண்டர்கள் 74க்கு மேல். நான்காவது 62. காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு. இங்கே புகைக்குழாயில் சீறியது. வால்வு என்றால் சரிசெய்துவிடலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த இரும்புத் துகள்தான்.

உடம்பின் பக்கம் வருகிறேன். சட்டகம் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய், அதன்மேல் பாலியஸ்டர் துணி. வெயில்தான் அந்தத் துணிக்கு எமன். அதைத் தடுக்க வர்ணத்துக்கு அடியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு கொடுப்பார்கள். இறக்கைக்குள் விளக்கை விட்டு வெளியிலிருந்து பார்த்தோம், வெளிச்சம் எங்கும் கசியவில்லை. கட்டியவரின் கை அங்கேயும் தெரிந்தது. ஆனால் இந்த வகை விமானம் எப்போதும் வாலைத் தாழ்த்தியே நிற்கும், உள்ளே புகுகிற தண்ணீர் எல்லாம் வாலடிக்கு ஓடும். அது வெளியேற விட்ட ஓட்டைகள் ஆற்று வண்டலால் அடைபட்டுக் கிடந்தன. பெரியவர் விற்பவரிடம் அனுமதி கேட்டு, வாலடிக் குழாயில் குத்தூசியை வைத்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் ஊசி உள்ளே இறங்கிவிட்டது. மேலே பச்சை வர்ணம் பளபளக்கிறது, உள்ளே கறையான் தின்ற தேயிலைச் செடி போல வெறுமை. விற்பவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இருக்கைப் பட்டியைச் சட்டகத்தோடு பிணைக்கிற போல்ட் ஒன்றில் என் கண் நின்றது. விமானத்துக்கான எஃகு போல்ட்டின் தலையில் சிலுவைபோல ஒரு குறி இருக்கும். இதில் மூன்று கோடுகள். ஹார்ட்வெயார் கடைப் போல்ட். ஆல்பத்தில் அதே இடத்தின் படத்தைத் தேடிப் பார்த்தோம், கட்டியவர் சரியான போல்ட்டைத்தான் போட்டிருக்கிறார். பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். சில டொலர் பெறாத சாமான் அது. ஆனால் ஓரிடத்தில் இப்படிச் செய்தவர் வேறு எங்கெல்லாம் செய்திருப்பார்? அதற்காகவே ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்க வேண்டியதாயிற்று.

கடைசியாக மூன்று சக்கரத்துக்கும் தராசு வைத்து நிறுத்தோம். தாளில் 492 கிலோ. தராசில் 519. பெரிய டயர், கூடுதல் பெட்ரோல் தொட்டி, பின்னால் சாமான் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவர் மறுபடி நிறுக்கவே இல்லை. 27 கிலோ தானே என்று நினைக்கக் கூடாது. எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். எடை பின்னால் கூடிப்போனால் மூக்கு தானாக மேலே எழும், வேகம் குறைந்து இறக்கை காற்றைப் பிடிக்காமல் போனால் மீட்டெடுப்பது கடினம். ரேடியோ, கருவிப் பலகை, வர்ணம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்காக நான் ஒரு டொலரும் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

நண்பர் இன்னும் வாங்கத்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம், பனி விழுவதற்கு முன் முடிக்க வேண்டுமாம். நான் சம்மதிக்கவில்லை. விற்பவரிடம் பெரியவர் மூலம் இப்படிச் சொல்லியிருக்கிறோம்: 62 காட்டிய அந்தச் சிலிண்டரை எங்கள் செலவில் கழற்றுகிறோம், வால்வையும் பார்த்துவிடலாம், அந்த ஓட்டை வழியாகக் கேமையும் பார்த்துவிடலாம். கேம் சுத்தமாக இருந்தால் வால் குழாயை வெட்டி ஒட்டுகிற செலவை மட்டும் கழித்துக்கொண்டு வாங்குகிறோம். புள்ளி விழுந்திருந்தால், என்ஜின் இல்லாத விமானத்துக்கு என்ன விலையோ அதைத்தான் கொடுப்போம். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தக் குழாயை வெட்டி, புதுக் குழாய் வைத்து, வெல்டிங்கை என் கண்ணால் பார்த்து, துணி போர்த்தி, மறுபடி எடை நிறுத்து முடிக்கும்வரை அதில் ஏறி உட்காரக்கூட மாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தோட்டத்தில் ஸ்டோரை மூடிவைத்திருந்த காலம் முடிந்து, ஜெனரேட்டர் என்ஜினை நீங்கள் பிரித்தீர்களே, அப்போது கேமின் முகம் எப்படி இருந்தது? லேசான துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி பூட்டினீர்களா, மாற்றினீர்களா? மாற்றாமல் விட்டிருந்தால் எவ்வளவு காலம் ஓடியது? ஞாபகம் இருக்கிற அளவுக்குத் தம்பியை விட்டு எழுதச் சொல்லுங்கள். சிலிண்டரைக் கழற்றும் நாளில் அந்தப் பதில் என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்