கொத்தனார் மகன் கட்டிய வீடு

அன்பு மகனுக்கு,

போன முறை லண்டனில் நீ என்னைக் கூட்டிப்போன, கட்டடக் கலைஞர் ஜான் சோன் வீட்டை என்னால் மறக்க முடியவில்லை. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ், 13ஆம் எண். காலைச் சாப்பாட்டு அறையின் குட்டி விதானத்துக்குக் கீழே நின்றபோது, அங்கே பதித்திருந்த வட்டக் கண்ணாடிகளில் நாம் இருவரும் பொடிசாகத் தெரிந்தோம். நீதான் காட்டினாய். ஊருக்கு வந்ததிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஒரு கொத்தனாரின் மகன், தெரியுமா? 1753இல் பிறந்தவர். பரிசு வாங்கி, அரசர் தந்த உதவித்தொகையில் ரோம் போய், பழைய கட்டடங்களை அளந்து வரைந்துகொண்டு திரும்பினார். 1788இல் இங்கிலாந்து வங்கியின் கட்டடப் பொறுப்பு கிடைத்தது. 45 வருஷம் அதை விடவில்லை.

அந்த வங்கி வேலைதான் என்னை உலுக்கிவிட்டது. பாதுகாப்புக்காக வெளிச்சுவரில் ஜன்னலே கிடையாது. அப்புறம் உள்ளே கணக்கெழுதுகிறவருக்கு வெளிச்சம்? கூரையிலிருந்து இறக்கினார். வளைவுக் கூரையின் பாரம் குறையவும், தீப்பிடிக்காமல் இருக்கவும், உள்ளே பொள்ளலான சுட்ட மண் குடுவைகளை அடுக்கிக் கட்டினார். முப்பது வருஷம் சென்டரிங் அடித்துக் கான்கிரீட் போட்டவன் நான். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோமானியத் தூணை அப்படியே எடுத்து வைக்க அந்தக் காலத்தில் பலருக்கும் தெரியும். இவரோ பல இடங்களில் தூணே வேண்டாமென்று, சுவரில் மெல்லிய கோடு மட்டும் கீறி அந்த உணர்வைக் கொண்டுவந்தார். 1920களில் ஹெர்பர்ட் பேக்கர், ஆமாம், புது தில்லித் தலைமைச் செயலகத்தைக் கட்டிய அவரேதான், உள்ளே இருந்ததைப் பெரும்பாலும் இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பினார். வெளிச்சுவர்தான் மிச்சம். வயிறு எரிகிறது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

சோனுக்கு இரண்டு மகன்கள். அவர்களும் இதே தொழிலுக்கு வர வேண்டும் என்று அவருக்கு உயிர். 1800இல் ஈலிங்கில் பிட்ஸ்ஹேங்கர் மாளிகையை வாங்கித் திருத்திக் கட்டினார். நல்ல கட்டடத்துக்குள் வளர்ந்தால் பிள்ளைகளுக்குத் தொழில் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார். ஒட்டவில்லை. 1810இல் விற்றுவிட்டார். இளையவன் ஜார்ஜ் எழுதப் போனான், கடன்பட்டுச் சிறைக்கும் போனான். 1815 செப்டம்பரில் பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் அப்பாவின் கட்டடங்களைக் கிழித்து எழுதினான். எழுதியது யார் என்று தாய் எலிசாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஏற்கெனவே உடம்புக்கு முடியாமல் இருந்தவர், நவம்பரில் இறந்துவிட்டார்.

சோன் அந்தக் கட்டுரைகளை ஃபிரேம் போட்டார். 'ஜார்ஜ் சோன் கொடுத்த மரண அடிகள்' என்று எழுதி வைத்தார். மூத்தவன் 1823இல் இறந்துபோனான். 1833இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே வாங்கி, வீட்டை ஜார்ஜுக்குப் போகாதபடி நாட்டுக்கு எழுதிவைத்தார்.

ஜார்ஜ் செய்தது கொடுமைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஃபிரேமைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சோன் மேல் கோபம் வரவில்லை, பயம் வந்தது. நானும் ஒன்று மாட்டி வைத்திருந்தேன், தம்பி. ஆர்க்கிடெக்சர் படிப்பை இரண்டாம் வருஷம் நிறுத்திவிட்டு, சமையல் படிக்கப் போகிறேன் என்று கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னாயே, "உங்க ஆசையை என் தலையில கட்டாதீங்கப்பா" என்று. ஒன்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். உன் கல்யாணப் பந்தலில்கூட அதுதான் காதில் ஒலித்தது. நீ சொன்னதில் தப்பில்லை. நான்தான் கட்டப் பார்த்தேன். உனக்குப் பத்து வயதாகும் முன்பே டிராயிங் போர்டு வாங்கி வந்தவன் நான். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், "நான் வேலை பார்க்கிற ஓட்டல் பக்கம்தான்ப்பா, சாப்பிட்டுப் போகலாம்" என்றாய். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். வயிறு நன்றாகத்தான் இருந்தது, நல்ல பசியும் இருந்தது.

அடுத்த ஏப்ரலில் வருகிறேன். ஒரு மேசை போட்டு வை. எதைச் சமைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே முடிவு பண்ணு.

அன்புடன்,
அப்பா