பழைய கிட்டார் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் எலக்ட்ரிக் கிட்டாரை ஆசையாக வாங்கிவிட்டு, வேலை மாறும்போதோ வீடு காலி செய்யும்போதோ விற்றுவிடுபவர்கள் ஏராளம், அதனால் என்னைப் போல வாங்கி, கொஞ்ச நாள் வாசித்து, பிறகு இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் ஆட்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. லாபமெல்லாம் பெரிதாகக் கிடையாது. அதிகம் செலவில்லாமல் நாலு விதமான கிட்டாரை வாசித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

புதிதாக வருபவர்கள் பெயிண்டில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கீறல் கிடக்கட்டும், கழுத்து, அதாவது தந்திகள் ஓடும் நீளமான கட்டை, அதிகமாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிதான் ஃப்ரெட்), கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம், ஆனால் அது ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்புறம், ஆம்ப்ளிஃபையரில் செருகி எல்லா பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) வேலை செய்கிறதா என்று வாசித்துப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது.

எனக்குக் கோபம் வருவது, சிலர் ஸ்குவையர் கிட்டாரின் தலையில் ஃபெண்டர் ஸ்டிக்கரை ஒட்டி விற்பதில்தான். ஸ்குவையரும் ஃபெண்டர் நிறுவனத்தின் விலை குறைந்த பிராண்டுதானே, நன்றாகவே வாசிக்கலாம், உள்ளதைச் சொல்லி விற்றால் என்ன குறைச்சல்?

பழைய கிட்டார் விற்கும் கடைகளாவது, எந்தெந்த உதிரிப் பாகத்தை மாற்றினார்கள் என்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.