வலப்பக்க நாற்காலிக்காரருக்கு நன்றி

அட்லாண்டா நண்பர்களுக்கும், ஊரில் இருக்கிற சொந்தங்களுக்கும், எங்களைப் பார்த்தே இராமல் எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும்,

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் மறுபடி விமானம் ஓட்டப் போனார். விடியற்காலை நாலே காலுக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தோளில் கேப்டனின் நாலு பட்டையோடு சமையலறையில் நின்றபடியே காப்பி குடித்தார். இட்லி வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "விசேஷமாக ஒன்றுமில்லை, எப்போதும் போலத்தான் இருந்தது" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

இவர் பறக்காமல் இருந்த அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். மறுபடி அதற்குள் போய் வர எனக்குத் தெம்பும் இல்லை. நன்றி சொல்ல மட்டும் வந்தேன், சூடு ஆறுவதற்குள்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து. சனிக்கிழமைகளில் என் மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வந்த ஆல்ஃபரெட்டா வீடுகளுக்கு, ரசத்தையும் பொரியலையும் வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனவர்களுக்கு. மாமியாரின் சர்ச்சிலிருந்து அலுமினியத் தட்டு தட்டாக மக்ரோனியும் கீரையும் கொண்டுவந்த அம்மாக்களுக்கு. (அந்தக் கீரையில் புகையூட்டிய பன்றி இறைச்சி இருக்கும் என்று எங்கள் வீட்டு சைவக்காரர்களிடம் நான் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்.) எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மருத்துவருக்கு. லீவு நாளில் வந்து புல் வெட்டிவிட்டுப் போன இவருடைய சக விமானிகளுக்கு. அப்புறம் திருச்சியில் இருக்கிற என் அம்மாவுக்கு. எங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கறுப்பா?" என்பதுதான். "அப்பாவைவிட ஒரு சுற்று கூட, அவ்வளவுதான்" என்றேன். அதே அம்மாதான் இந்த ஒன்பது மாதமும் ஒரு ஞாயிறு விடாமல் சமயபுரம் போய் வந்தாள்.

இனி அந்தப் பெரியவர்.

பறக்க உடல் தகுதி உண்டு என்கிற மெடிக்கல் சான்றிதழ் கைக்கு வந்த அன்று எல்லாம் முடிந்தது என்று நான் பாயசம் வைத்தேன். இவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நாற்பது தாண்டிய கேப்டனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முதல் வகுப்பு மெடிக்கல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது திரும்பக் கிடைத்தாலும் நேரே விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டேன். தரையிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டரில் உட்காரவைப்பார்கள். புறப்படும் நேரம் பார்த்து ஒரு எஞ்சினை அணைப்பார்கள், தீ மணி அடிக்கவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். இது வெள்ளையர், கறுப்பர் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் தவறினால் எல்லாருக்கும் ஒன்றல்ல. இன்னொருவர் தவறினால் அவருக்கு அன்றைக்கு நாள் சரியில்லை என்பார்கள். கறுப்பரான இவர் தவறினால், "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்ல ஆள் காத்திருக்கிறது. தகுதி பார்க்காமல் நிறம் பார்த்து எடுத்தார்கள் என்று டிவியில் உட்கார்ந்து பேசுகிற காலம் இது.

அதனால் இவர் யார் முன்னாலும் தடுமாறியதே இல்லை. என் முன்னால்கூட. பயணி யாராவது "எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டால், கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர் "இன்றைக்குத்தான் முதல் நாள்" என்று கண்ணடித்துச் சிரிப்பாராம். இவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. சொன்னால் அதை ஜோக் என்று எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாதே. எங்கள் ஊர் விமான நிலையத்தின் பெயரிலேயே மேனார்ட் ஜாக்சன் இருக்கிறார், அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர். 2003இல் அந்தப் பெயரைச் சேர்த்தார்கள். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழேதான் ஒரு அம்மா, தொப்பியும் பட்டையுமாக நின்ற இவர் கையில் தன் பெட்டியைக் கொடுத்து, "உடையும் சாமான் இருக்கிறது, பார்த்து" என்றார். இவர் வாங்கி, கவுன்டர் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் விமானத்துக்குப் போனார்.

பாயசம் வைத்து மூன்றாம் நாள் ஒரு போன். எண்பது வயதுக் குரல். 1976இல் கறுப்பின விமானிகள் சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் பழைய ஆள். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். "என்ன விமானம்?" என்று கேட்டார். "737" என்றார் இவர். "செவ்வாய்க்கிழமை பத்து மணி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பழைய பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. ஈஸ்ட் பாயிண்ட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கியவர் கக்கத்தில் கோரைப்பாய் மாதிரி ஒரு சுருள். விரித்தால் காகிதம். 737இன் காக்பிட், அதாவது விமானி அறை முழுக்க, ஒவ்வொரு சுவிட்சும் முள்ளும் உள்ளபடி அச்சடித்தது. கடையில் சொல்லிப் புதிதாகப் போட்டுவந்திருந்தார். காசு கேட்டுவிடுவேனோ என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

காரேஜில் இருந்து காரை வெளியே எடுத்தோம். சுவரில் காகிதத்தை ஒட்டி, மேல் பலகையை மட்டும் அட்டையில் ஒட்டிக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டு மேசை நாற்காலி இரண்டு. இடது பக்கம் இவர், வலது பக்கம் பெரியவர். பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கியர் லீவருக்கு ஏதாவது வேண்டுமே அம்மா, கையில் பிடித்தால் பிடித்த மாதிரி இருக்க வேண்டும்" என்றார். நான் உள்ளே போய்ப் பருப்பு மத்தை எடுத்துவந்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். சக்கரங்களை மடக்குகிற லீவரின் முனையும் குட்டிச் சக்கரம் போலத்தான் இருக்குமாம். "இது போதும்" என்றார். ஆணி அடித்து மாட்டியாயிற்று.

நான் வாஷிங் மெஷின் பக்கம் துணி மடிக்கிற சாக்கில் நின்றுகொண்டேன்.

ஓடுபாதையில் வேகம் ஏற ஏற, "எண்பது நாட்ஸ்" என்பார் பெரியவர். கொஞ்சம் விட்டு, "வி ஒன்." வி ஒன் என்றதும் கேப்டன் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டிலிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நிறுத்துகிற பேச்சே கிடையாது, என்ன ஆனாலும் பறந்தே ஆக வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை எடுத்த கை! அன்றைக்கு வரவில்லை. வி ஒன் கேட்டது, கை காகிதத்தின் மேலேயே இருந்தது. பெரியவர் எதுவும் சொல்லவில்லை. "ஓடுபாதைக்குத் திரும்பலாம்" என்று மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் கை அங்கேயே. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நான் மடித்த துணியையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையாவது தடவையோ தெரியாது, இவர் தலையைக் குனிந்துகொண்டு "ஸாரி சார்" என்றார். பெரியவர் சொன்னது இதுதான்: "இங்கே தப்பு பண்ணு தம்பி. வேண்டிய மட்டும் பண்ணு. என் கையில் பேனா இல்லை, பார்."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

நான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்குத் தெரிந்து இவரிடம் அந்த வார்த்தையை வேறு யாரும் சொன்னதில்லை. மாமியார்கூட "மற்றவனைவிட இரண்டு மடங்கு நன்றாகச் செய்" என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறாள்.

அதிலிருந்து பதினோரு செவ்வாய்க்கிழமை. சுக்குக் காப்பி ஒன்றுதான் வாங்கிக்கொண்டார், அதுவும் இரண்டாம் வாரம்தான். அமெரிக்க விமானிகளில் கறுப்பர்கள் நூற்றுக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். இவர் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வருஷத்தில் பக்கத்து நாற்காலியில் இன்னொரு கறுப்பர் உட்கார்ந்தது மொத்தம் மூன்று பயணம். மிச்சம் எல்லாம் எங்கள் காரேஜில்.

நடுநடுவே கதையும் வரும். பெரியவர் விமானப்படையிலிருந்து வந்து, எழுபதுகளில் 727இல் சேர்ந்தவர். அப்போது காக்பிட்டில் மூன்று பேர். புதிதாக வருகிறவருக்கு ஃப்ளைட் இன்ஜினியர் இடம், பக்கச் சுவரைப் பார்த்த நாற்காலி, எதிரே முள்ளும் விளக்கும்தான். "மூன்று வருஷம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே அமெரிக்கா முழுக்கச் சுற்றினேன்" என்பார். ஒரு கேப்டன் நாலு நாள் பயணத்தில் செக்லிஸ்ட் தவிர ஒரு வார்த்தை பெரியவரிடம் பேசவில்லையாம். "எங்களுக்குள் நடந்த பேச்சே அது ஒன்றுதான். அதனால் செக்லிஸ்ட்டை ரொம்ப அழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன்" என்றார். கோபமே இல்லாமல். எனக்குத்தான் கோபம் வந்தது.

மார்லன் கிரீன் பற்றியும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விமானப்படை விமானி. 1957இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பம் போட்டபோது இனம் கேட்ட கட்டத்தை நிரப்பாமல் விட்டு, போட்டோவும் வைக்காமல் அனுப்பினார். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், நேரில் பார்த்தார்கள், அவரைவிடக் குறைவான நேரம் பறந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். ஆனாலும் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது 1965இல். 2010இல் அதே கம்பெனி ஒரு போயிங் 737க்கு அவர் பெயரை வைத்தபோது பார்க்க அவர் இல்லை. "எட்டு வருஷம் வி ஒன்னிலேயே நின்றவர்" என்பார் பெரியவர். சொல்லிவிட்டு இவர் கையைப் பார்ப்பார்.

என் மகளுக்கு வேறு கதை. தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று காரேஜ் படியில் உட்கார்ந்து அவள் அடம்பிடித்த நாளில் பெஸ்ஸி கோல்மனைச் சொன்னார். கறுப்பினப் பெண் என்று இங்கே எந்தப் பள்ளியும் பறக்கச் சொல்லித்தர மறுத்தது. அவர் பிரெஞ்சு படித்து, பிரான்சுக்கே போய், 1921இல் லைசென்ஸ் வாங்கி வந்தார். "பறப்பதற்காக அவள் ஒரு பாஷை கற்றாள். உன் பாட்டியோடு பேச நீ ஒன்று கற்க மாட்டாயா?" என் மகள் அன்றைக்கே அவரைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஐந்தாவது செவ்வாயோ ஆறாவதோ, சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தேன். "வி ஒன்" கேட்டது. மூக்கைத் தூக்கச் சொல்கிற "ரொட்டேட்" கேட்டது. விமானம் ஏறுகிறது என்கிற "பாசிட்டிவ் ரேட்." அப்புறம் இவர் குரல், ஒன்பது மாதத்துக்கு முந்தைய குரல், "கியர் அப்." மரத்தில் ஆணி உரசுகிற சத்தம். பெரியவர் மத்தை மேலே தூக்கியிருக்கிறார். கடுகு கருகிவிட்டது, கருகட்டும் என்று நின்றேன்.

சிமுலேட்டர் அன்றைக்குப் பெரியவர் போன் செய்யவே இல்லை. நாங்கள் கூப்பிட்டுச் சொன்னபோது, "ம்" என்றார். பிறகு, "எஞ்சின் எந்தப் பக்கம் போனது?" என்றார். இவர் "இடது" என்றதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உங்களில் பலரிடம் இத்தனை வருஷமாக, "வீட்டுக்காரர் ஏர்லைனில் வேலை பார்க்கிறார்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். பைலட் என்று சொன்னால் உங்கள் முகத்தில் அரை வினாடி ஒன்று வந்து போகும். "ஓ, நிஜமாவா?" என்பீர்கள். கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். ஆனால் அந்த அரை வினாடியைப் பார்க்கப் பிடிக்காமல் சாமான் ஏற்றுகிறவர் என்று நீங்களே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். அந்த வேலைக்கு என்ன குறைச்சல் என்பது வேறு விஷயம். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன். கேப்டன் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு உங்கள் முகத்தையும் பார்ப்பேன். பொங்கல் விழாவில் சந்திப்போம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை இவர் பயணத்தில் இருந்தார். பத்து மணிக்கு பிக்கப் வந்து நின்றது. மறந்துவிட்டாரோ என்று வெளியே ஓடினேன். "சுக்குக் காப்பிக்கு வந்தேன்" என்றார். குடித்துவிட்டுக் காரேஜுக்குப் போய்க் காகிதத்தில் பிரிந்திருந்த ஒரு ஓரத்தை டேப் போட்டு ஒட்டினார். மெம்ஃபிஸிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம், துணை விமானி, பிரசவத்துக்குப் பிறகு திரும்புகிறாள், அடுத்த வாரம் முதல் இடம் தருவீர்களா என்று கேட்டார். அவளுக்கும் 737தானாம்.

அதனால் எங்கள் கார் இன்னும் வெளியேதான் நிற்கிறது, பைன் மகரந்தம் படிந்து மஞ்சளாக. பருப்பைக் கரண்டியால் மசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு மத்து வாங்கி வாருங்கள். முனை கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.